ராட்டினத்தில் ஏறினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவு விட்டால் போதும், பிள்ளைகள் முதலில் கேட்பது தீம் பார்க். சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்கள், மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், கொச்சி, பெங்களூரு வொண்டர்லா என்று வீட்டுக்கு வீடு ஒரு திட்டம் இருக்கும். போவதற்கு முன்னும் போய்வந்த பின்னும் எழுகிற கேள்விகள் பெரும்பாலும் உடம்பைப் பற்றியவைதான். திரும்பத் திரும்ப வருகிற சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெல்ட் அறுவது, கம்பி முறிவது போன்ற இயந்திர விபத்துகள் வேறு விஷயம். எல்லாம் சரியாக ஓடுகிற ரைடில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

கொலம்பஸ் கப்பல் மேலே போய் இறங்கும்போது அடிவயிறு ஏன் அப்படிக் கூசுகிறது?

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் தங்கள் எடையால் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் தசைக்கும் சவ்வுக்கும் அந்த இழுவை பழகிப்போனதால் நமக்குத் தெரிவதில்லை. ரைடு சட்டென்று கீழே இறங்கும்போது இருக்கை, உடம்பு, உள்ளுறுப்பு எல்லாம் ஒன்றாக விழுகின்றன. பழகிய அந்த இழுவை ஒரு நொடி காணாமல் போகிறது. உறுப்புகள் லேசாக மேலே நகர்கின்றன, சுற்றியிருக்கும் நரம்புகள் உடனே மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. கூச்சம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

கப்பல் ஒரு பக்கம் 60 டிகிரி வரை ஏறுவதாக வைத்துக்கொள்வோம். உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது நடு வரிசையில் இருப்பவர் இருக்கையை அழுத்துவது தன் எடையில் ஏறக்குறையப் பாதியால்தான். அடியைக் கடக்கும்போது அது இரண்டு மடங்காகிறது. அதாவது 60 கிலோ ஆள் மேலே 30 கிலோ, கீழே 120 கிலோ, அந்தப் பக்கம் போனால் மறுபடி 30 கிலோ. சில நிமிடங்களுக்கு இதே மாறி மாறி நடக்கிறது. கடைசி வரிசை நடு வரிசையைவிட இன்னும் மேலே ஏறுவதால் அங்கே எடை இல்லாமலே போய் ஆள் இருக்கையை விட்டு எழும்புவார். கூச்சம் வேண்டாம் என்றால் நடுவில் உட்காருங்கள். வேண்டுமென்றால் கடைசி வரிசைக்குப் போங்கள்.

இதனால் கெடுதல் உண்டா என்றால், நலமாக இருக்கும் உடம்புக்கு இல்லை. குடலேற்றம் வந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவார்கள். அந்த நகர்வு அந்த நொடியோடு சரி, எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் குடலிறக்கம் இருப்பவர்களும், வயிற்றில் ஆபரேஷன் செய்து சில மாதங்களே ஆனவர்களும் ஏறக் கூடாது. எடை மாறுவதைவிட, பயத்தில் மூச்சடக்கி முக்குவதும் வயிற்றின் குறுக்கே கம்பி அழுத்துவதும்தான் அவர்களுக்கு ஆபத்து.

'ஜி' 'ஜி' என்கிறார்களே, மனித உடம்பு எத்தனை ஜி தாங்கும்?

'ஜி' என்பது உடம்பு உணர்கிற எடை வழக்கமான எடையைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு. தரையில் நிற்கும்போது நம் மேல் இருப்பது 1 ஜி. மேலே சொன்ன கப்பலின் அடியில் 2 ஜி. பெரிய ரோலர் கோஸ்டர்களில் பெரும்பாலும் 3 முதல் 4 ஜி வரை போகும், அதுவும் ஒன்றிரண்டு நொடிக்குத்தான்.

இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படுவதில் அர்த்தமில்லை. அன்றாட அசைவுகளில் தலை எவ்வளவு குலுங்குகிறது என்று 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அளந்தார்கள். தும்மலுக்கு 2.9 ஜி, இருமலுக்கு 3.5 ஜி. நாற்காலியில் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் 10 ஜியைத் தாண்டியது! ஆனால் அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். எவ்வளவு நேரம், எந்தத் திசையில், எவ்வளவு சட்டென்று என்ற மூன்றும் சேர்ந்துதான் உடம்புக்குக் கணக்கு.

இதை ரோலர் கோஸ்டர் கட்டியவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்ற ரைடு வந்தது. அதன் தலைகீழ்ச் சுற்று கச்சிதமான வட்டம். நேர்த் தண்டவாளத்திலிருந்து வண்டி வட்டத்துக்குள் நுழைந்த அந்த இடத்திலேயே முழு அழுத்தமும் ஒரேயடியாக ஏறியது. 12 ஜி வரை போயிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் பலர், சில வருடங்களில் அந்த ரைடே போய்விட்டது. 1901-இல் எட்வின் பிரெஸ்காட் அதே ஊரில் சுற்றை முட்டை வடிவமாக்கிப் பார்த்தார். கடைசியில் 1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 'ரெவல்யூஷன்' ஓடத் தொடங்கியபோதுதான் வழி பிறந்தது. ஆன்டன் ஷ்வார்ஸ்காப்ஃப், வெர்னர் ஷ்டெங்கல் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதை நீர்த்துளி வடிவத்தில் அமைத்தார்கள். அடியில் வளைவு அகலம், மேலே போகப் போகக் குறுகல். அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இன்று நீங்கள் பார்க்கும் தலைகீழ்ச் சுற்று எதுவும் முழு வட்டமாக இல்லாததற்குக் காரணம் நம் கழுத்துதான்.

வளைவில் திரும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அது மயக்கமா?

மயக்கத்துக்கு முந்தின படி. அழுத்தம் தலையிலிருந்து காலை நோக்கி இருக்கும்போது ரத்தம் கால் பக்கம் தேங்கும். ரத்தம் குறைவதை முதலில் காட்டிக்கொடுப்பது விழித்திரை. பார்வை சாம்பல் பூத்தது போலாகி ஓரங்களிலிருந்து இருட்டும். மூளையிடம் சுமார் ஐந்து நொடிக்கான ஆக்சிஜன் கையிருப்பு இருக்கிறது. நல்ல ரைடுகள் அதற்குள் வளைவை முடித்துவிடும்.

அந்த நேரத்தில் தொடை, வயிறு, பின்பக்கத் தசைகளை இறுக்கிப் பிடித்தால் ரத்தம் கீழே இறங்குவது குறையும். போர் விமானிகள் பயிற்சி எடுத்துச் செய்வதும் இதைத்தான்.

உண்மையிலேயே நினைவு தப்பினால் அது வேறு. இறக்கியதும் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். முழு நினைவு வரும்வரை வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காலையிலிருந்து சாப்பிடாமல் வெயிலில் நின்றதுதான் பல சமயம் காரணமாக இருக்கும். ஆனாலும் இதயத் துடிப்பில் கோளாறு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

இதயத்துக்கு என்ன ஆகிறது? நல்ல இதயமும் நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழக மருத்துவர்கள் நலமான 55 பேரை இசிஜி கருவியோடு 'எக்ஸ்பெடிஷன் ஜிஃபோர்ஸ்' என்ற ரோலர் கோஸ்டரில் ஏற்றினார்கள். மணிக்கு 120 கி.மீ. போகும் ரைடு அது. 2005-இல் முடிவைச் சொன்னார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 90 என்ற அளவில் இருந்த துடிப்பு 150-ஐத் தாண்டியது. வேகமாக நாலு மாடி ஏறினாலும் துடிப்பு இந்த அளவுக்குப் போகும். ஆனால் மாடி ஏறும்போது காலுக்கு வேலை கொடுக்கிறோம், துடிப்பு படிப்படியாக ஏறுகிறது. இங்கே ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பயத்தில் சுரக்கிற அட்ரினலின் சில நொடிகளில் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துத் தூக்குகிறது. நல்ல இதயம் இதைச் சமாளிக்கும். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கும் இதயத்துக்கு, திடீரென்று கேட்கிற அந்த அதிகப்படி ரத்தம் கிடைக்காது. இதய நோய் இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்பதுதான் அந்த மருத்துவர்களும் சொன்ன முடிவு.

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை ரோலர் கோஸ்டரோடு தொடர்புடைய மரணங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 40. அதில் ரைடில் ஏறியவர்கள் 29 பேர், மற்றவர்கள் ஊழியர் முதலானோர். அந்த 29-இல் விழுந்தோ மோதியோ இறந்தவர்களைவிட உடம்புக்குள் ஏற்பட்ட கோளாறால் இறந்தவர்களே அதிகம்: 18 பேர். பெரும்பாலும் மூளை ரத்தக்கசிவும் இதயக் கோளாறும்தான். பத்து வருடங்களில், கோடிக்கணக்கான பேர் ஏறிய நாட்டில், இது மிகச் சிறிய எண். ஆனால் அது யாருக்கு நடக்கிறது என்று பார்த்தால் கவலை வேண்டிய இடம் தெரிகிறது. தன் உடம்பில் ஒரு குறை இருப்பதே தெரியாமல் பலர் ஏறுகிறார்கள்.

அதனால் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், நடந்தால் நெஞ்சு பிடிக்கிறவர்கள், இதயத் தசை தடித்தவர்கள், துடிப்பு தப்புகிறவர்கள் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது, சில ரைடுகளில் பிரேக்கும் உந்துவிசையும் பெரிய காந்தங்களால் இயங்குகின்றன. குடும்பத்தில் யாராவது 40 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் இசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பிறவியிலேயே இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு உள்ள சிலருக்கு அதிர்ச்சியும் பயமுமே துடிப்பைத் தடம் மாற்றிவிடும். இது பார்க் போனாலும் போகாவிட்டாலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. போகலாமா?

மெதுவான ராட்டினம், ரயில் போன்றவற்றுக்குத் தடையில்லை. வேகமான ரைடு என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இங்கே நம்மூரில் நடக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். சில பி.பி. மாத்திரைகள் அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும் என்பதால், வெளியூர் போகிற அன்று காலையில் அதை விட்டுவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிடாத உடம்போடு ரைடில் ஏறுவது இரட்டை ஆபத்து.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேகமான ரைடுகளைத் தவிர்த்துவிடுங்கள். தலை குலுங்கிச் சிறு கசிவு ஏற்பட்டாலும் அது எளிதில் நிற்காது.

இறங்கிய பிறகும் தலை சுற்றுகிறதே, ஏன்?

ஒவ்வொரு காதுக்குள்ளும் அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன, உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்தத் திரவத்தின் ஓட்டத்தை வைத்துத்தான் மூளை தெரிந்துகொள்கிறது. குடத்தைச் சுற்றிவிட்டு டக்கென்று நிறுத்தினால் குடம் நிற்கும், உள்ளே தண்ணீர் இன்னும் சுற்றும் அல்லவா? ரைடு நின்ற பிறகு காதுக்குள் நடப்பதும் அதுதான். திரவம் இன்னும் நகர்வதால் 'சுற்றிக்கொண்டிருக்கிறோம்' என்று காது சொல்கிறது, 'நின்றுவிட்டோம்' என்று கண் சொல்கிறது. அந்த நேரத்தில் ஒருவரின் கண்ணைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கருவிழி ஒரு பக்கமாக மெதுவாக நகர்ந்து, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பி, மறுபடி நகரும். அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

அரைவட்டக் குழாய்களுக்கு அருகே இருக்கும் சின்னப் பைகளில் சுண்ணாம்புப் படிகங்கள் உண்டு. மேலே போகிறோமா, கீழே விழுகிறோமா என்று சொல்பவை அவை. வயதானவர்களுக்கும் தலையில் அடிபட்டவர்களுக்கும் அவை சில சமயம் பிய்ந்து குழாய்க்குள் போய்விடும். அப்படியானால் படுக்கும்போதும் புரளும்போதும் கட்டில் சுற்றுவது போல் சில நொடிகள் தோன்றும். பார்க் போய்வந்த பிறகு இப்படி நாள்கணக்கில் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தலையைச் சில கோணங்களில் திருப்பிப் படிகத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் எளிய முறை இருக்கிறது. பெரும்பாலும் மாத்திரைகூடத் தேவைப்படாது.

எல்லாரும் ஜாலியாக இருக்க எனக்கு மட்டும் வாந்தி வருகிறது. என்ன செய்யலாம்?

பஸ்ஸில் மலை ஏறும்போது எலுமிச்சம்பழம் முகர்கிற கூட்டமா நீங்கள்? அப்படியென்றால் இங்கேயும் வரும், காரணம் ஒன்றுதான். கண் சொல்வதும் காது சொல்வதும் முரண்படும்போது சிலருடைய மூளை அதைக் குமட்டலாக மாற்றிவிடுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அநேகமாக வராது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வயது வரை அதிகம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல்.

இதில் ரோலர் கோஸ்டரைவிட, ஒரே இடத்தில் சுற்றும் ரைடுகள்தான் மோசம். கப் அண்ட் சாசர், பிரேக் டான்ஸ் மாதிரி தானும் சுற்றி மேடையும் சுற்றும் ரைடுகளைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஏறிவிட்டால் தலையை இருக்கையோடு சாய்த்து அசையாமல் வையுங்கள், தூரத்தில் இருக்கும் ஒன்றையே பாருங்கள். செல்போனைப் பார்க்கவே கூடாது. இரண்டு ரைடுக்கு நடுவே அரை மணி நேரமாவது விடுங்கள்.

அவோமின் போன்ற மாத்திரைகள் வேலை செய்யும், ஆனால் ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. தூக்கம் வரும், வாய் உலரும். போட்டவர் திரும்பும்போது வண்டி ஓட்டக் கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவர் சொன்னால் மட்டும்.

சாப்பிட்டுவிட்டு ஏறலாமா, வெறும் வயிற்றோடு ஏறலாமா?

இரண்டும் வேண்டாம். காலையில் இட்லியோ பொங்கலோ அளவாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறுங்கள். பிரியாணியை எல்லா ரைடும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது வெயிலைப் பற்றி. நம்மூரில் கூட்டம் சேர்வது ஏப்ரல், மே மாதங்களில். ஒரு ரைடுக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்கிறோம், ரைடு ஓடுவதோ இரண்டு மூன்று நிமிடம். நாள் முழுக்க வியர்வையில் நீரும் உப்பும் போய், உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவே குறைந்துவிடும். காலையில் சாதாரணமாகத் தாங்கிய அதே ரைடில் மாலை நாலு மணிக்குக் கண் இருட்டுவது இதனால்தான். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை என்று அர்த்தம். மோர், இளநீர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் எல்லாம் நல்லது. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: குடியுங்கள். பெரிய ரைடுகளை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தலைவலி இரண்டு நாளாகப் போகவில்லை. ரைடுதான் காரணமா?

அன்று மாலை வந்து தூங்கி எழுந்தால் போகிற தலைவலி, வெயிலாலும் களைப்பாலும் வந்தது. போகாமல் நிற்கிற தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். நலமாக இருந்த 24 வயதுப் பெண், ஃபுஜி மலை அருகே உள்ள ஃபுஜி-கியூ பூங்காவில் ரோலர் கோஸ்டர்களில் ஏறியிருக்கிறார். அதற்குப் பிறகு தலைவலி தொடர்ந்தது. படமெடுத்துப் பார்த்தால் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கு அடியில் ரத்தக்கட்டு. தலை எங்கும் இடிபடவில்லை. மண்டையோடு ஒரு பக்கம் ஆட, மூளை சற்றுப் பின்தங்கி ஆடும்போது இடையில் பாலம் போல் ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டுக் கசிந்துவிடும். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இவை அபூர்வம். ரோலர் கோஸ்டரின் குலுக்கல் மட்டுமே நலமான மூளையைக் காயப்படுத்தும் வாய்ப்பு மிகக் குறைவு என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆனால் அபூர்வமாக வந்தாலும் நேரத்தோடு பிடித்தால் காப்பாற்றிவிடலாம் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, ஒரு பக்கக் கழுத்து வலி, வாந்தி, பேச்சுக் குழறல், கை கால் மரத்தல், இமை தொங்குதல், பார்வை இரண்டாகத் தெரிதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டின் அறிகுறி சில வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அப்போது 'போன மாதம் ரோலர் கோஸ்டரில் ஏறினேன்' என்று நீங்களாகச் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். அவராகக் கேட்கமாட்டார்.

கழுத்து, முதுகுக்கு என்ன ஆகும்?

தசைப்பிடிப்புதான் அதிகம் வருவது. இரண்டு மூன்று நாளில் சரியாகும். எலும்பு முறிவும் நடந்திருக்கிறது. அதே ஃபுஜி-கியூ பூங்காவில் 'டோ-டோடோன்பா' என்று ஒரு ரைடு இருந்தது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 180 கி.மீ. வேகத்தை 1.56 நொடியில் எட்டும். ஏறியவர்களில் சிலர் கழுத்து, முதுகு எலும்புகள் முறிந்ததாகப் புகார் செய்ததால் 2021 ஆகஸ்டில் அதை நிறுத்தினார்கள். 2024-இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

ஒரே ரைடில் ஒருவருக்கு அடிபட்டு அடுத்தவருக்கு ஒன்றும் ஆகாமல் போவதில் உட்காரும் விதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதுகும் தலையும் இருக்கையில் முழுதாகச் சாய்ந்திருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பது, குனிந்து செருப்பைத் தேடுவது, செல்ஃபிக்குக் கழுத்தை வளைப்பது எல்லாம் ரைடு நின்ற பிறகு. தண்ணீரில் போய் விழும் படகு ரைடுகளில் முதுகைக் கூன் போடாமல் நிமிர்ந்திருங்கள், அடியில் வரும் குத்து நேராக இடுப்பெலும்புக்கு மேலே ஏறும். தண்டுவட டிஸ்க் பிரச்சினை, கழுத்து எலும்புத் தேய்மானம், எலும்பு மெலிவு இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கீழே நின்று பைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையன் தைரியசாலி, உயரம்தான் மூன்று விரல் குறைவு. விடச் சொல்லி ஆபரேட்டரைக் கேட்கலாமா?

தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த அளவுகோல் தைரியத்தை அளப்பதல்ல. பெரியவர்களின் தோளுக்கும் இடுப்புக்கும் பொருந்தும்படி செய்த பாதுகாப்புக் கம்பி, உயரம் குறைந்த குழந்தைக்குத் தோளில் நிற்காது, முகத்தில் இடிக்கும். அல்லது அடியில் இடைவெளி விடும், குழந்தை அதன் வழியே நழுவலாம். இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்துத் தசை மெலிந்தது. பெரியவருக்கு லேசாகத் தலை ஆடுகிற வளைவு அவர்கள் கழுத்துக்குப் பெரும் பாரம். ஷூவுக்குள் துணி வைத்து உயர்த்துவது, மடியில் வைத்துக்கொள்வதாகச் சொல்வது எல்லாம் நடக்கிறது. 3 ஜியில் 15 கிலோக் குழந்தை 45 கிலோ. எந்த அப்பாவாலும் கையால் பிடித்து வைக்க முடியாது.

குழந்தை அழுகிறது, ஒருமுறை ஏற்றினால் பயம் தெளியுமா?

தெளியாது. தானாக விரும்பி ஏறுகிறவருக்கு இறங்கும்போது மகிழ்ச்சி தரும் ரசாயனங்களான எண்டார்ஃபின், டோப்பமைன் எல்லாம் சுரந்து, இருந்த படபடப்பே சந்தோஷமாக மாறுகிறது. வற்புறுத்தி ஏற்றப்பட்ட குழந்தைக்கு அதே படபடப்பு பயமாகவே நிற்கும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். வேண்டாம் என்று சொல்கிற நண்பரைக் கிண்டல் செய்து ஏற்றாதீர்கள், அவருக்கு ஏதாவது காரணம் இருக்கும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் மெதுவான ரைடில் ஏறலாமா?

தரையில் ஊர்ந்து போகும் சின்ன ரயில் சரி. சட்டென்று நிற்கிற, இறங்குகிற, குலுங்குகிற எதுவும் எந்த மாதத்திலும் கூடாது. குலுக்கலில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. தண்ணீர்ச் சறுக்குக்கும் இதே பதில்தான்.

ஆஸ்துமா இருக்கிறது. ஏறினால் மூச்சு வாங்குமா?

இதில் ஒரு வியப்பான விஷயம் இருக்கிறது. நெதர்லாந்தின் சைமன் ரீட்வெல்டும் இல்யா வான் பேஸ்டும் ஆஸ்துமா உள்ள இளம்பெண்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றி ஆராய்ந்தார்கள். ஏறுவதற்கு முன், பயத்தில் இருந்தபோது, மூச்சுத் திணறல் அதிகமாகத் தெரிந்தது. இறங்கியதும் உற்சாகத்தில் திணறல் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அளந்து பார்த்தால் நுரையீரலின் செயல்பாடு அப்போது குறைந்திருந்தது! இந்த ஆய்வுக்கு 2010-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

ஆகவே இறங்கியதும் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று தோன்றுவதை மட்டும் நம்பாதீர்கள். இன்ஹேலரை லாக்கரில் பூட்டிவிட்டுப் போகாமல், இறங்கும் வழியில் நிற்கும் ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். அந்த வாரம் முழுவதும் இழுப்பு இருந்திருந்தால் ஏற வேண்டாம்.

ரோலர் கோஸ்டரில் போனால் சிறுநீரகக் கல் விழுந்துவிடும் என்பது உண்மையா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திதான், ஆனால் அடியில் உண்மை இருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் வார்டிங்கரிடம் வந்த நோயாளிகள் சிலர், ஃபுளோரிடா டிஸ்னி உலகத்தில் 'பிக் தண்டர் மவுண்டன்' ரயிலில் போய்வந்த பிறகு கல் வெளியேறியதாகச் சொன்னார்கள். அவரும் மார்க் மிச்சலும் சிறுநீரகத்தைப் போல ஒரு சிலிக்கோன் மாதிரியை முப்பரிமாண அச்சில் செய்து, உள்ளே நிஜக் கற்களையும் சிறுநீரையும் வைத்து, முதுகுப்பையில் போட்டு அதே ரயிலில் கொண்டுபோனார்கள். பின் இருக்கையில் 100-க்கு 64 முறை கல் நகர்ந்து வெளியேறியது, முன் இருக்கையில் 17 முறைதான். ஆய்வு 2016-இல் வெளிவந்தது, 2018-இல் இதற்கும் இக் நோபல்.

இது சின்னக் கற்களுக்கு, அந்த ஒரு ரைடில், ஒரு மாதிரியை வைத்துச் செய்தது. பெரிய கல் இருப்பவருக்கு அது நகர்ந்து குழாயில் சிக்கினால், பார்க் நடுவில் தாங்க முடியாத வலி வரும். முதலில் ஸ்கேன், பிறகு சிறுநீரக மருத்துவர் சொல்வது.

கண் ஆபரேஷன் செய்தவர்கள்?

கண்புரை, லேசர் எதுவானாலும் கண் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை வேண்டாம். மைனஸ் பவர் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு விழித்திரை மெலிந்திருக்கும், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழாகத் தொங்கினால் அழுத்தம் ஏறும். இருவருமே குலுக்கும் ரைடையும் தலைகீழ் ரைடையும் தவிர்ப்பது நல்லது. ஏறி இறங்கிய பிறகு கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலவோ, திரை இறங்குவது போலவோ, கரும்புள்ளிகள் புதிதாக மிதப்பது போலவோ தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

திருவிழாப் பொருட்காட்சி ராட்டினம், பெரிய பார்க் ரைடு. உடம்புக்கு எது பரவாயில்லை?

உயரத்தையும் வேகத்தையும் பார்த்தால் பொருட்காட்சி ராட்டினம் சாதுவாகத் தெரியும். ஆனால் உடம்பு கவனிப்பது அழுத்தம் எவ்வளவு மென்மையாக ஏறி இறங்குகிறது என்பதை. கணினி கட்டுப்படுத்தும் ரைடில் வேகம் கூடுவதும் குறைவதும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். கையால் லீவரை இழுத்து ஓட்டும் ரைடில் அது ஓட்டுகிறவரின் கையைப் பொறுத்தது. கூட்டம் கத்தக் கத்த வேகத்தைக் கூட்டுவார்கள், சுற்று முடியும்போது வெடுக்கென்று பிரேக் போடுவார்கள், கழுத்துக்கு வலி அங்கேதான் வரும்.

டிக்கெட் வாங்குவதற்கு முன் முழுதாக ஒரு சுற்று நின்று பாருங்கள். நிற்கும்போது ஆட்களின் தலை முன்னால் போய் வருகிறதா? இருக்கையில் தலைக்குச் சாய்மானம் இருக்கிறதா, அல்லது முதுகோடு முடிந்துவிடுகிறதா? பெல்ட்டை ஊழியர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறாரா? இரண்டு பேருக்கு ஒரே கம்பி என்றால், பருமனானவர் பக்கத்தில் மெலிந்த குழந்தையை உட்கார வைக்காதீர்கள். கம்பி பெரியவரின் தொடையில் நின்றுவிடும், குழந்தைக்கு எதுவுமே பிடித்திருக்காது.